ஐஸ் மேக்கருக்குத் தண்ணீர் போகவில்லையா? ஃபிரிட்ஜைக் கழற்றுவதற்கு முன் ஒரு பாட்டிலை எடுங்கள்

குடியாத்தத்தை அடுத்த பரதராமி பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சித்தூர் மாவட்டம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் போன வருடம் இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வாங்கித் தந்தார். தண்ணீர்க் குழாயை இணைத்துவிட்டால் தானாகவே ஐஸ் போடும் வகை. முதலில் பாத்ரூமுக்குப் போகும் பிரஷர் பம்ப் லைனிலிருந்து ஒரு கிளை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஐஸ் நன்றாகவே விழுந்தது. ஆனால் ஐஸ் உருகியதும் தம்ளர் அடியில் வெள்ளைத் தூள் தங்கியதால், லைனை அங்கிருந்து கழற்றி ஆர்ஓ மெஷினில் மாட்டினார்கள். அதன் பிறகு ஐஸ் கட்டி சிறுத்தது, உள்ளே பொந்து விழுந்தது. நடுவில் ஒரு தடவை பெட்டியில் இருந்த ஐஸெல்லாம் ஒட்டிப் பாறையாகிவிட்டது. இப்போது இரண்டு வாரமாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ட்ரேக்கு வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் ஐஸ் மேக்கர் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது: லைனை ஆர்ஓவுக்கு மாற்றிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் பலமநேர், சித்தூர் என்று இருபது வருடமாக ஃபிரிட்ஜ் பார்த்துவருகிறேன். "நீள்ளு ராவட்லேது அண்ணா" (தண்ணீர் வரவில்லை அண்ணா) என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஃபிரிட்ஜ் என்ன கம்பெனி என்று இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்பேன். ஐஸ் மேக்கர் பழுதுகளில் பெரும்பாலானவை ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்கின்றன.

ஏன் என்று புரிய, அந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். ட்ரேயில் இருக்கும் தண்ணீர் உறைந்து, அதன் அடியில் உள்ள சென்சார் ஏறக்குறைய மைனஸ் 9 டிகிரியைத் தொட்டதும் மோட்டார் சுற்றும். சில மாடல்களில் அடியில் ஒரு ஹீட்டர் ட்ரேயை லேசாகச் சூடாக்கும், விரல் மாதிரி இருக்கும் கம்பிகள் கட்டிகளைத் தள்ளிவிடும். சில மாடல்களில் ட்ரேயே துணி பிழிவது போல முறுக்கிக்கொண்டு கட்டிகளைக் கொட்டும். கொட்டி முடித்ததும் ஃபிரிட்ஜின் பின்பக்கம், கீழே இருக்கும் சொலினாய்டு வால்வுக்கு, அதாவது கரண்டில் திறக்கும் தண்ணீர் வால்வுக்குக் கரண்டு போகும். வால்வு சில நொடிகள் திறந்து மூடும். பழைய, பரவலான ஒரு வகையில் இது ஏழரை நொடி. அதற்குள் சுமார் 140 மில்லி தண்ணீர் ட்ரேக்கு வந்துசேர வேண்டும்.

பெரும்பாலான மாடல்களில் ஐஸ் மேக்கர் தண்ணீரை அளப்பதில்லை, நேரத்தைத்தான் எண்ணுகிறது. மேல்நிலைத் தொட்டியில் இருப்பது போல மிதவை எதுவும் அங்கே கிடையாது. ஏழரை நொடியில் 140 மில்லி வந்தாலும் சரி, 40 மில்லி வந்தாலும் சரி, அதன் கணக்கில் ட்ரே நிரம்பிவிட்டது. குறைவாக வந்தால் கட்டி சிறுக்கும், பொந்து விழும். உங்கள் வீட்டு ஐஸுக்கு நடந்தது அதுதான்.

சரி, தண்ணீர் ஏன் குறைவாக வருகிறது? பிரஷர் இல்லை. இந்த ஃபிரிட்ஜ்களின் கையேட்டைப் புரட்டினால், தண்ணீர் குறைந்தபட்சம் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வர வேண்டும் என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். அமெரிக்காவிலும் கொரியாவிலும் நகராட்சிக் குழாயிலேயே அதைவிட அதிகம் வரும். நம் வீடுகளில் தண்ணீர் மாடி டேங்கிலிருந்து இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு 'பார்' அழுத்தம், அதாவது சுமார் 14 பிஎஸ்ஐ. ஒரு மாடி வீட்டில் டேங்க் தண்ணீருக்கும் ஃபிரிட்ஜ் வால்வுக்கும் உள்ள உயர வித்தியாசம் நாலு மீட்டர் இருந்தாலே அதிகம். அது 6 பிஎஸ்ஐ கூடத் தேறாது. 20 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் டேங்கைப் பதினாலு மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும். அவ்வளவு உயரத்துக்குக் கோயில் கோபுரத்தைத்தான் தேட வேண்டும்!

உங்கள் ஆர்ஓ கதை இதைவிட மோசம். சுவரில் மாட்டும் ஆர்ஓ மெஷினுக்குள் ஒரு பம்ப் இருக்கிறதுதான். ஆனால் அது தண்ணீரை மெம்பிரேனுக்குள், அதாவது உப்பை வடிக்கும் சவ்வுக்குள் தள்ளுவதற்கு. வடிகட்டிய தண்ணீர் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து தன் எடையில் இறங்குகிறது. தொட்டி நாலைந்து அடி உயரத்தில் இருக்கிறது, ஃபிரிட்ஜ் வால்வு தரையை ஒட்டி இருக்கிறது. கணக்குப் போட்டால் 2 பிஎஸ்ஐ கூட இல்லை. தம்ளர் பிடிக்க அது போதும். ஐஸ் மேக்கருக்குப் போதாது.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது, பல மெக்கானிக்குகளுக்கே இது பிடிபடுவதில்லை. பிரஷர் குறைந்தால் தண்ணீர் குறைவாக வரும் என்பதை யாரும் ஒத்துக்கொள்வார்கள். பிரஷர் குறைந்தால் வால்வு ஒழுகும் என்றால் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. சொலினாய்டு வால்வில் காந்தம் நேரடியாகத் தண்ணீர் வழியைத் திறப்பதில்லை. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கிறது, அதன் நடுவில் ஊசித் துளை. காந்தம் அந்தத் துளையை மட்டும் திறக்கும். டயாஃப்ரத்தைத் தூக்குவது தண்ணீரின் அழுத்தம். மூடும்போதும் அப்படியே. துளை அடைந்ததும் மேல்பக்கம் தண்ணீர் நிறைந்து, அதன் அழுத்தம்தான் ரப்பரை அழுத்தி உட்காரவைக்கிறது. அழுத்தமே இல்லையென்றால் ரப்பர் சரியாக உட்காராது. சொட்டுச் சொட்டாகக் கசியும். வாஷிங் மெஷின் வால்வும் இதே ஜாதிதான். டேங்குக்கு நேர் கீழே மேல்மாடியில் மெஷின் வைத்திருப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கசிந்த சொட்டு எங்கே போகும்? மைனஸ் 18 டிகிரி இருக்கும் ஃபிரீசருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டியூபின் வாய்க்கு. அங்கேயே உறையும். அடுத்த தடவை தண்ணீர் வரும்போது அந்த ஐஸ் முனையில் மோதி, ட்ரேக்குள் விழாமல் வெளியே வழிந்து, கீழே இருக்கும் பெட்டியில் இறங்கி எல்லாக் கட்டிகளையும் ஒட்டவைக்கும். உங்கள் ஐஸ் பாறையானது அப்படித்தான். இன்னும் சில நாளில் டியூபின் வாய் முழுக்க அடைத்துக்கொள்ளும். அப்புறம் சொட்டுத் தண்ணீர்கூட வராது. ஆக கட்டி சிறுத்தது, ஒட்டிக்கொண்டது, நின்றுபோனது என்று நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோயின் மூன்று கட்டம். ஐஸ் மேக்கர் பாவம், அதன் மேல் குற்றமே இல்லை.

என் ஊகம் சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பாட்டிலும் கைபேசியில் ஸ்டாப்வாட்சும் போதும். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். லைனில் தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன 'காக்'-ஐ மூடிவிட்டு, பின்பக்கம் வால்வுக்குள் போகும் காலங்குல டியூபைக் கழற்றுங்கள். முனையைப் பாட்டிலுக்குள் விட்டு, அந்த 'காக்'-ஐ முழுசாகத் திறங்கள். பாட்டிலை மேலே தூக்காதீர்கள், வால்வு இருந்த உயரத்திலேயே வைத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பிசகும். ஏழரை நொடிக்கு 140 மில்லி என்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். வால்வைத் தாண்டியே அவ்வளவு வர வேண்டுமென்றால், திறந்துவிட்ட டியூபில் அதைவிட நிறையவே கொட்ட வேண்டும். முப்பது, நாற்பது நொடியில் பாட்டில் நிரம்பினால் லைன் நன்றாக இருக்கிறது. ஒரு நிமிடம் தாண்டினால் ஃபிரிட்ஜைத் தொடவே வேண்டாம், லைனைச் சரிசெய்யுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு நிமிடம் ஆனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

லைனைப் பற்றிப் பேசும்போது என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரொம்ப வருடம் முன்னால் பலமநேரில் ஒரு வீடு. தண்ணீர் வரவில்லை. ஐஸ் மேக்கரை மாற்றினேன், வரவில்லை. வால்வை மாற்றினேன், வரவில்லை. மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெரியவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் குழாய் மடங்கியிருக்கே தம்பி" என்றார். பெருக்கித் துடைத்துவிட்டு ஃபிரிட்ஜைச் சுவரோடு தள்ளியிருக்கிறார்கள், டியூப் நடுவில் மடிந்துவிட்டது. அவரிடம் காசு வாங்க எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஸ்குரூடிரைவருக்கு முன்னால் டார்ச்தான். நீங்களும் டியூபை முழு நீளத்துக்கும் பாருங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பெரிய வளையமாகச் சுற்றி விட்டால், இழுத்தாலும் தள்ளினாலும் மடியாது.

பாட்டில் நன்றாக நிரம்பியும் ஐஸ் சிறுக்கிறது என்பவர்கள் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீருக்கு அவ்வளவு நாள்கூடத் தாங்காது. ஃபில்டருக்குப் பதிலாக மாட்ட ஒரு வெற்று மூடி சில மாடல்களோடு வரும். அதை மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள், ஐஸ் பழையபடி பெரிதானால் ஃபில்டர்தான் குற்றவாளி. அப்புறம், வால்வுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். அதில் மணலும் சுண்ணாம்பும் சேரும். பல் துலக்கும் பிரஷ்ஷும் கொஞ்சம் வினிகரும் போதும், தேய்த்துக் கழுவலாம். வலையைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள். தண்ணீர் கொட்டும்தான், கூடவே மணலும் உள்ளே போய் வால்வு ரப்பரைக் கிழிக்கும்.

அடைத்துக்கொண்ட டியூபுக்கு வருவோம். உங்கள் வீட்டில் அநேகமாக இப்போது அது ஐஸால் மூடியிருக்கிறது. லைனைச் சரிசெய்த பிறகும் இதை எடுக்காவிட்டால் தண்ணீர் வராது. ஐஸ் பெட்டியை எடுத்துவிட்டு, ட்ரேக்கு மேலே பின்பக்கம் கையை விட்டால் டியூபின் முனை தட்டுப்படும். மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரை அதில் எடுத்து முனையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சுங்கள், வழிவதைத் துணியில் பிடியுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, பிளாஸ்டிக் வெடிக்கும். கத்தி, ஸ்குரூடிரைவர், கொண்டை ஊசி எதையும் கொண்டு குத்தவே கூடாது. பொறுமை இல்லாதவர்கள் இரண்டு கதவையும் திறந்து போட்டு ஒரு ராத்திரி அணைத்து வைத்துவிடலாம், கீழே பழைய லுங்கிகளைப் போட்டு. குடியாத்தத்தில் லுங்கிக்கா பஞ்சம்?

சரியாகிவிட்டதா என்று பார்க்க இன்னொரு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஐஸ் மேக்கரின் அடியிலோ பக்கத்திலோ ஒரு டெஸ்ட் பட்டன் பல மாடல்களில் இருக்கும். சில நொடி அழுத்திப் பிடித்தால் ட்ரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தண்ணீர் கேட்கும். கீழே பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜின் பின்பக்கம் காதை வையுங்கள். 'ம்ம்ம்' என்று வால்வு முனகும் சத்தம் கேட்டு, தண்ணீர் மட்டும் வரவில்லையென்றால், வோல்டேஜ் குறையாமல் இருக்கும்வரை கரண்டுப் பக்கம் சரி. லைனிலோ வலையிலோ டியூபிலோ அடைப்பு. முனகலே இல்லையென்றால் வால்வின் காந்தச் சுருள் (காயில்), ஒயர் அல்லது ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு. அந்தக் கட்டத்தில் தெரிந்த ஆள் மல்டிமீட்டரோடு வரட்டும். காயிலில் கன்டினியூட்டி இல்லையென்றால், அதாவது உள்ளே கம்பி அறுந்திருந்தால், வால்வை மட்டும் மாற்றினால் போதும், அது ஐஸ் மேக்கர் முழுசுக்கு ஆகும் காசில் சின்னப் பங்குதான்.

ட்ரே சுற்றவே இல்லையென்றால் மட்டும்தான் ஐஸ் மேக்கரின் மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதலில் ஃபிரீசர் மைனஸ் 18க்குப் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். கதவு சரியாக மூடாமல் மைனஸ் 6, 8 என்று நின்றால் சென்சார் 'ஐஸ் ஆயிற்று' என்று சொல்லவே சொல்லாது. சொல்லாவிட்டால் கொட்டாது, கொட்டாவிட்டால் தண்ணீர் கேட்காது. அடுத்து, பெட்டி நிறைந்ததைத் தடவிப் பார்க்கும் கம்பி மேலே தூக்கியபடி மாட்டிக்கொண்டிருக்கிறதா, கதவில் 'ஐஸ் ஆஃப்' விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பேரப் பிள்ளைகள் வந்துபோன வீடுகளில் பாதிப் பழுது இந்த பட்டனில் முடிந்துவிடும்.

கசிவு எங்கிருந்து என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. ட்ரேக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்போது ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் சொட்டினால் வால்வு ஒழுகுகிறது: ஒன்று பிரஷர் குறைவு, அல்லது ரப்பரில் மணல். பிடுங்கியதும் நின்றால் வால்வு நல்லது, தேவையில்லாமல் கரண்டு அனுப்புவது போர்டு. இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

அந்த வெள்ளைத் தூளைப் பயந்துதானே லைனை மாற்றினீர்கள்? அது பெரும்பாலும் சுண்ணாம்பு. தண்ணீர் உறையும்போது ஐஸ் தன்னை மட்டும் கட்டிக்கொண்டு உப்பையெல்லாம் நடுவில் ஒதுக்கும். ஒதுக்கப்பட்ட சுண்ணாம்பு தூளாகப் பிரியும், உருகியதும் அடியில் தங்கும். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். ஃபிரிட்ஜோடு வரும் ஃபில்டர் கார்பன் வகை. வாசனையையும் குளோரினையும் எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, அதாவது ஐஎஸ் 10500இல், குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத ஊருக்கு 2000 வரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பாலாற்றுப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பே வந்தது. அதனால் நீங்கள் ஆர்ஓ வைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆர்ஓ தண்ணீரையே கொடுங்கள், ஆனால் தள்ளிக் கொடுங்கள்.

அதற்கு ஆர்ஓ தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் பிரஷர் ஸ்விட்ச் வைத்த ஒரு சின்ன பம்ப் போட வேண்டும். ஆர்ஓ உதிரிபாகம் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும், 24 வோல்ட் வகை. வால்வு திறந்து லைனில் அழுத்தம் இறங்கியதும் தானாக ஓடும், மூடியதும் அழுத்தம் ஏறி நின்றுவிடும். 40 பிஎஸ்ஐ சுமாருக்கு வைத்தால் நன்றாக இருக்கும். ஏற்றினால் நல்லது என்று 120ஐத் தாண்டிப் போகவிடக் கூடாது, டியூப் ஜாயின்ட் பிடுங்கிக்கொண்டு சமையலறை குளமாகும். ஆர்ஓ தொட்டி காலியாக இருக்கும்போது பம்ப் வெறுமனே ஓடினால் எரிந்துவிடும், அதற்கும் ஒரு மிதவை ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். பழையபடி பாத்ரூம் பிரஷர் லைனுக்கே திரும்புவதும் ஒரு வழிதான். அப்படிச் செய்தால் மண் ஃபில்டரும், சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் பாஸ்பேட் உருண்டை போட்ட சின்ன ஃபில்டரும் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தூள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். என்னைக் கேட்டால் பம்ப்தான் போடுவேன்.

பிரஷர் சரியான பிறகும் கட்டி கொஞ்சம் சிறிதாக இருந்தால், அப்போது மட்டும் தண்ணீர் அளவைக் கூட்டுங்கள். சில மாடல்களில் ஒரு சின்னத் திருகு, சிலவற்றில் பட்டன். லைனைச் சரிசெய்யாமல் முதலிலேயே திருகைத் திருப்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பிரஷர் நன்றாக வந்ததும் ட்ரே வழிந்து ஃபிரீசர் முழுக்க ஐஸ் ஓடும். ஃபிரிட்ஜ் ஒருபக்கம் சாய்ந்து நின்றாலும் இப்படி வழியும். ட்ரேயின் ஒரு முனையில் கட்டி பெரிதாகவும் மறு முனையில் சிறிதாகவும் இருந்தால் கீழே காலைத் திருகிச் சமப்படுத்துங்கள்.

குழாய் இணைப்பே இல்லாமல், உள்ளே ஒரு தண்ணீர்ப் பெட்டி வைத்த மாடல்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தப் பிரஷர் கணக்கு கிடையாது. பெட்டி 'டக்'கென்று உட்கார்ந்திருக்கிறதா, அதன் வாயில் சுண்ணாம்பு கட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி முடிந்தது.

கரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லைப் பக்கக் கிராமங்களில் கோடையில் வோல்டேஜ் 170, 180க்கு இறங்குவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். அந்த வோல்டேஜில் வால்வு காயில் முனகும், தூக்காது. பகலில் ஐஸ் விழாமல் நடு ராத்திரி மட்டும் விழுகிறது என்றால் ஸ்டெபிலைசரைப் பாருங்கள்.

இன்னொன்று. ஃபிரிட்ஜ் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லையென்றால் வாரன்டி இருக்கும், பில்லை எடுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் எதையும் வெளி ஆள் திறந்தால் அதை வைத்தே கை கழுவிவிடுவார்கள். லைன், பம்ப், காக் எல்லாம் வெளியே இருப்பவை, உங்கள் பிளம்பரே செய்யலாம். முதலில் பாட்டிலைப் பிடித்துவிட்டு எத்தனை நொடி ஆனது என்று எழுதுங்கள், எந்த பம்ப் வாங்குவது என்று அதை வைத்துச் சொல்கிறேன். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆட்கள் வருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பம்ப் போட்டு, டியூபை உருக்கிவிட்டால் ஒரு நாள் கழித்து ஐஸ் விழ ஆரம்பிக்கும். முதல் இரண்டு மூன்று ஈடு ஐஸைக் கொட்டிவிடுங்கள், டியூபில் இத்தனை நாள் கிடந்த தண்ணீர் அது. ஒருவேளை அதற்குள் முடியாவிட்டால், அலமாரியில் பழைய ஐஸ் ட்ரே இரண்டு கிடக்கும், தூசி தட்டிக் கேன் தண்ணீர் ஊற்றி வையுங்கள். நன்னாரி சர்பத்துக்கு அதுவும் இதே ஐஸ்தான்.